இன்னும் ரெண்டு மூட்டை

மகளைக் கீழே இறக்கி, ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, மருத்துவமனைக்குள் கொண்டுபோன பிறகும் அந்தப் பழைய பிக்கப் வண்டியின் இடது பின்பக்கம் மேலே எழும்பவில்லை. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, வண்டியில் கிடந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொல்லைப்புறத்தில் தூக்கிப் போட்டான் வண்டிக்காரன். வலது பக்கம் வழக்கம்போல நிமிர்ந்துகொண்டது. இடது பக்கம் மட்டும், யாரோ விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருப்பது மாதிரி, தாழ்ந்தே நின்றது. வாரக் கடைசியில் சரக்கு ஏற்றப் போனபோது எடைமேடைக்காரர் காலி வண்டியை நிறுத்துப் பார்த்துவிட்டு, முப்பத்தோரு கிலோ கூடுதலாகக் காட்டுகிறதே, ஸ்டெப்னி ரெண்டு வெச்சிருக்கியா என்று கேட்டார். போன மாதம் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு எடுத்த எடையும் முப்பத்தொன்றுதான். வண்டிக்காரன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எடைமேடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு முப்பத்தொன்றைக் கழித்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் கழித்துக்கொண்டுதான் வருகிறார்.

வண்டிக்காரனை எல்லோரும் ரிவர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் கை நுழையாத சந்தாக இருந்தாலும், கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, பீடியை வாயிலிருந்து எடுக்காமலேயே பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். அந்த நாளுக்குப் பிறகு அவன் ஒருமுறைகூட வண்டியைப் பின்னால் எடுக்கவில்லை. முட்டுச்சந்துக்குள் சரக்கு இறக்கச் சொன்னால் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு மூட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு போனான். பின்னால் ஒரு பிள்ளை காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எவன் ரிவர்ஸ் எடுப்பான்? பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பெயரை மாற்றி வைக்க யாருக்கும் நேரமில்லை.

அவன் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவந்தாள். நடந்தது இதுதான். பதினோரு வயது மகளுக்கு இரண்டு நாளாக வயிற்று வலி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கின மாத்திரையில் குறைந்த மாதிரி குறைந்து, மூன்றாம் நாள் காலையில் பிள்ளை சுருண்டுவிட்டது. தூக்கி வண்டியின் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்து, தாய் தலையை மடியில் வைத்துக்கொள்ள, அவன் வண்டியைக் கிளப்பினான். பிக்கப் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் காலி வண்டியில் விறைத்துக்கொண்டு நிற்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே வண்டி எகிறும். ஒவ்வொரு எகிறலுக்கும் பிள்ளை போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. "அப்பா, குலுங்குதுப்பா" என்றது. வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், பாரம் ஏற்றினால் பட்டை அமுங்கும், வண்டி தொட்டில் மாதிரி போகும். கட்டடம் கட்டுகிற இடத்தில் மணல் குவிந்து கிடந்தது. நிறுத்தி, வண்டியில் கிடந்த கோணிப்பைகளில் மணலை அள்ள ஆரம்பித்தான். மூட்டை ஏற ஏற வண்டி அமுங்கியது. தாய் கத்தினாள்: "போதும்ங்க, கிளம்புங்க!" அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு மூட்டை போட்டா ஆடவே ஆடாது" என்றான். இன்னும் ரெண்டு மூட்டை போட்டான். அவன் சொன்னது சரிதான், வண்டி அதற்குப் பிறகு ஆடவே இல்லை. ரயில் கேட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கம்பம் இறங்கிக்கொண்டிருந்தது. சரக்கு ரயில். பெட்டி மேல் பெட்டியாக நிலக்கரி போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை சத்தம் போடவில்லை, குலுக்கல் இல்லாததால்தான் என்று தாய் நினைத்தாள். கடைசிப் பெட்டி போய்க் கம்பம் தூக்கியபோது மடியில் இருந்த தலை கனத்திருந்தது. குடல்வால் வெடித்திருக்கிறது, கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தையல்காரிக்குத் தெரியும். இரண்டு மூட்டை.

அவள் அதற்குப் பிறகு புருஷனோடு பேசவில்லை. சண்டை கிடையாது, அழுகை கிடையாது, தாய் வீட்டுக்குப் போவதும் கிடையாது. சொல்ல வேண்டியதைத் தையல் மிஷினிடம் சொன்னாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு, ஆறிப் போகுது" என்பாள் மிஷினைப் பார்த்து. அவன் வந்து உட்கார்ந்து சாப்பிடுவான். "இந்தச் சட்டையில காலர் கிழிஞ்சு தொங்குது, கழட்டிப் போட்டாத்தானே தைக்க முடியும்" என்பாள். அவன் கழற்றி மிஷின் மேல் போடுவான். அவனும் பதிலை மிஷினிடமே சொல்லப் பழகிக்கொண்டான். வாடிக்கைக்காரப் பெண்கள் ஆரம்பத்தில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அவர்களும், "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிரும்மா" என்று மிஷினுக்கே தகவல் விட்டுப் போனார்கள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழே, நடுவில் ஓர் இரும்புச் சாமானை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். கொல்லைப்புறத்தில் போட்ட மூட்டைகளை இரண்டு பேரும் தொடவில்லை. கோணி மக்கிக் கிழிந்து, மணல் வெளியே சரிந்து, மழைக்குக் கரைந்து, மிச்சத்தின் மேல் புல் முளைத்தது.

வண்டி தாழ்ந்திருப்பதை முதலில் அளந்தவளும் அவள்தான். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்து, டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தாள். வலது பக்கம் ஒரு அளவு, இடது பக்கம் ஒரு அளவு. அடுத்த வருடம் மகள் பிறந்த நாளில் மறுபடி அளந்தாள். இடது பக்கத்து இடைவெளி அரை விரல்கடை குறைந்திருந்தது. எடைமேடைக்காரரைப் போய்க் கேட்டாள். ஆமாம், இப்போதெல்லாம் முப்பத்தைந்து கழிக்கிறேன் என்றார் அவர். மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். தையல்காரிக்கு எடையைச் சொன்னாலே உடம்பின் அளவு தெரியும். அன்று சாயங்காலமே துணி வெட்டி ஒரு கவுன் தைத்து, வண்டியின் பின்னால் சாமான் பெட்டிக்குள் ஸ்பானர்களுக்கு மேலே மடித்து வைத்தாள். வருடம் போய்த் திறந்து பார்த்தபோது கவுனின் அக்குளில் தையல் விட்டிருந்தது, முழங்கால் படுகிற இடத்தில் துணி நைந்திருந்தது. அடுத்ததைப் பெரிதாகத் தைத்தாள். பிறகு பாவாடை சட்டை, பிறகு சுடிதார். ஓரத்தில் நாலு விரல் துணி மடித்து விட்டுத் தைப்பாள், வளருகிற பிள்ளை, பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. பிரித்துத்தான் இருந்தது.

அவளுடைய அண்ணன் பட்டைக்காரர். ரயில் கேட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, லாரி, வேன், பிக்கப் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் பட்டை மாற்றிக் கொடுக்கிற தொழில். இறந்துபோன பிள்ளைக்குத் தாய்மாமன். பட்டறைக்கு முன்னால் தங்கை புருஷனின் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போவதைத் தினமும் பார்ப்பது அவருக்குத் தொழில் மானம் போகிற விஷயமாக இருந்தது. மூன்றாவது வருடம் ஒருநாள், தங்கையைக் கேட்காமலேயே, வண்டியை உள்ளே விடச் சொல்லி இடது பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டிவிட்டார். வண்டி நேராக நின்றது. "பாத்தியா மாப்ள, கல்யாண மாப்பிள்ள மாதிரி நிக்குது" என்றார். ரிவர்ஸ் அதை எடுத்துக்கொண்டு சரக்கு ஏற்றப் போனான். இடது பக்கம் கட்டை மாதிரி குதித்தது. எடைமேடையில் ஏற்றியபோது கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. எடைமேடைக்காரர் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தார், பிறகு கீழே இறங்கி வந்து, "என்னப்பா, பொண்ண எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டார்.

அன்று மத்தியானமே ரயில் கேட் மாட்டிக்கொண்டது. ரயில் போன பிறகு கேட்காரர் கைப்பிடியைச் சுற்றினார், கம்பம் எழும்பவில்லை. கூட நாலு பேர் சேர்ந்து சுற்றினார்கள். கம்பி இழுத்துக்கொண்டு முனகியது, கம்பம் அசையவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் கண்ணுக்கு எட்டின தூரம் நின்றன. மறுநாள் ரயில்வே பொறியாளர்கள் வந்து கம்பத்தை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தினார்கள். பொருத்திக் கீழே இறக்கும்வரை நன்றாக இருந்தது, இறங்கிய பிறகு அதுவும் எழும்பவில்லை. நடுவில் இலேசாக வளைந்து, ஒரு கொடியில் ஈரத்துணி தொங்குகிற மாதிரி இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நின்ற தையல்காரி அந்த வளைவைப் பார்த்தாள். வளைவின் ஆழத்தைக் கண்ணாலேயே அளந்தாள். நேராகப் பட்டறைக்குப் போய், "அண்ணே, அந்தப் பட்டையக் கழட்டு" என்றாள். "வண்டி சாயும்மா" என்றார் அவர். "சாயட்டும். குலுங்குதுன்னு இறங்கிப் போயிட்டா. போக இடம் தெரியாம அங்க போய் உக்காந்திருக்கா." பட்டைக்காரர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜாக்கியை எடுத்தார். பட்டையைக் கழற்றின வண்டியை ரிவர்ஸ் மெல்ல உருட்டிக்கொண்டுபோய்க் கம்பத்துக்கு அடியில் நிறுத்தினான். இடது பின்பக்கம் ஒரு முனகலோடு தாழ்ந்தது. கம்பம் விசுக்கென்று வானத்தைப் பார்க்க எழும்பியதில் கேட்காரரின் தொப்பி பறந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பொறியாளர்கள் பழுது சரிசெய்யப்பட்டது என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் வண்டியைத் தொடவில்லை. வருடங்கள் போயின. ரிவர்ஸுக்கு மீசை நரைத்தது. எடைமேடைக்காரர் முப்பத்தெட்டு கழித்தார், நாற்பத்திரண்டு கழித்தார், நாற்பத்தெட்டு கழித்தார். இரும்பும் மனிதன் மாதிரிதான், ஒரே இடத்தில் பாரம் வைத்துக்கொண்டே இருந்தால் சுபாவம் மாறிவிடும். மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டிய இடது பட்டை முதலில் தட்டையானது, பிறகு எதிர்ப்பக்கம் வளைந்தது. பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் கதவு மாதிரி கிரீச்சிட்டது. சாய்மானத்தில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. வலது பக்கமும் சும்மா இல்லை, துணைக்குத் துணையாக அதுவும் தளர்ந்தது. பாரம் ஏற்றிய நாட்களில் ஆக்சில் ரப்பர் கட்டையில் இடித்துக்கொண்டே போனது. பிள்ளைக்கு இப்போது பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. தையல்காரி அந்த வருடம் புடவையும் ரவிக்கையும் எடுத்து வைத்தாள். ரவிக்கைக்குக் கை அளவு தெரியாமல் தன் கையில் டேப்பைச் சுற்றிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டினாள்.

வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கிற வருடம் அது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பழைய அதிகாரி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்துவிட்டு முத்திரை போட்டுவிடுவார். புதிதாக வந்தவர் கீழே படுத்துப் பார்க்கிறவர். படுத்து, டார்ச் அடித்து, எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "இது ரோட்டுல ஓடக் கூடாது. மெயின் பட்டையில விரிசல் இருக்கு" என்றார். கூடவே போயிருந்த தையல்காரி, "ஒரு பக்கம் ஆள் இருக்குதுங்க சார், அதக் கழிச்சுப் பாருங்க" என்றாள். அதிகாரி பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் அவர் பார்த்தபோது வண்டி இலேசாக ஆடியது, உட்கார்ந்திருக்கிறவர் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு, "அப்ப ஆள் இறங்கின பிறகு கொண்டு வாங்கம்மா" என்றார். "அவ இறங்க மாட்டா சார்." "அப்படின்னா பட்டைய மாத்துங்க. இந்த மாசத்துக்குள்ள மாத்தலேன்னா வண்டிய உடைக்கத்தான் குடுக்கணும். நான் என்னம்மா பண்ணட்டும்? பட்டை உடைஞ்சா உள்ள இருக்கிறவங்களும் போயிருவாங்க, பின்னாடி இருக்கிறவங்களும் போயிருவாங்க" என்றார். நல்ல மனிதர்தான். பின்னால் இருப்பவளுக்குப் போக இன்னும் ஒரு இடம் இருப்பதாக நினைத்திருக்கிறார்.

அன்று மாலை பட்டறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை உடைக்கக் கொடுத்தால் மகள் பழைய இரும்புக் கடையில் கிடப்பாள், இல்லாவிட்டால் கேட் கம்பத்தில் தொங்குவாள். புதுப் பட்டை போட்டால், இரண்டு பக்கமும் விறைப்பான புதுச் செட், முதல் பள்ளத்திலேயே இறங்கிவிடுவாள், ஒருமுறை இறங்கியவள்தானே. பழைய பட்டையோடு ஓட்டினால் என்றைக்காவது ஒருநாள் திருப்பத்தில் எல்லோரும் ஒரேயடியாகப் போய்ச் சேர வேண்டியதுதான். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று தையல்காரி நினைத்ததை முகத்தில் படித்துவிட்ட அண்ணன், "அப்படியெல்லாம் யோசிக்காத" என்று அதட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "புதுப் பட்டையும் மெத்து மெத்துன்னு போகும். எப்பவும் கொஞ்சம் பாரம் கெடக்கணும், அவ்வளவுதான்" என்றார். "என்ன பாரம்?" என்றாள் அவள். பட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். இரும்பு போட்டால் கடகடக்கும். கல் போட்டால் உருளும். தண்ணீர் அலம்பும். சத்தம் போடாமல், நகராமல், சொன்ன இடத்தில் கிடக்கிற பாரம் உலகத்தில் ஒன்றுதான், அதன் பெயரை அந்தக் கொட்டகையில் யாரும் வாயால் சொல்லவில்லை. ரிவர்ஸ் எழுந்து வெளியே போய்த் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். வீடு திரும்பியதும் தையல்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்து, மெத்தை உறைக்கு வாங்கி வைத்திருந்த கெட்டித் துணியை எடுத்துப் பைகள் தைக்கத் தொடங்கினாள். இரட்டைத் தையல். மிஷினிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஏழு வருட மணலை அள்ளினாள். அவன் உதவிக்கு வந்தபோது முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவன் பின்வாங்கினான். மழை கொண்டுபோனது போக மிச்சம் இருந்த மணல் எல்லாப் பைகளுக்கும் போதவில்லை. இருந்ததைக் கட்டி, காலிப் பைகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள்.

பட்டைக்காரர் கேட்காரருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அனுப்பினார். கேட்காரர் சாலையில் பலகை வைத்து வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்குக் கீழே முட்டு வைத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டுகள் துருவில் ஒன்றாகியிருந்தன, எண்ணெய் ஊற்றி ஊற வைத்தும் அசையவில்லை, கேஸ் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. இடது பக்கத்துக் கடைசி யூ போல்ட் அறுந்து பட்டை ஆக்சிலை விட்டுப் பிரிந்த அந்தக் கணத்தில், வெளியே கேட் கம்பம் தடாரென்று இறங்கியது. ரயில் எதுவும் வரவில்லை. தையல்காரி கொட்டகை வாசலுக்கு வந்து, இறங்கிய கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் நேராக அடித்தது. "நெழல்கூட இல்லாம உக்காந்திருக்கா, சீக்கிரம்ணே" என்றாள். பட்டைக்காரர் இந்தத் தடவை ஒரு வேலையையும் குறுக்குவழியில் செய்யவில்லை. இரண்டு பக்கமும் புதுச் செட், புது யூ போல்ட், பட்டை முனைகளுக்குப் புது ரப்பர் புஷ். நடு போல்ட்டின் தலை ஆக்சில் துளையில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார். யூ போல்ட்டுகளை இறுக்கினார். பட்டையின் இரண்டு முனைகளிலும் இருக்கிற போல்ட்டுகளை மட்டும் கையால் திருகி விட்டுவிட்டார். "இத இப்ப இறுக்கக் கூடாது மாப்ள. தொங்கும்போது இறுக்கினா புஷ் முறுக்கிக்கும், அப்புறம் பாரம் ஏறினதும் கிழியும். யார் யாரு ஏறணுமோ அவங்க எல்லாம் ஏறின பிறகுதான் கடைசி இறுக்கு" என்றார். சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, மணல் பைகளை ஏற்றி, மூன்று பேரும் தள்ளிக்கொண்டே போய்க் கம்பத்துக்கு அடியில் நிறுத்தினார்கள்.

காத்திருந்தார்கள். கம்பம் எழும்பவில்லை. சுற்றுவழி பிடிக்காத சிலர் பலகையை மீறி வந்து ஹாரன் அடித்தார்கள். "என்னய்யா, பொண்ணு இன்னும் ஏறலையா? எங்களுக்கு வேல வெட்டி இல்லையா?" என்று ஒரு லாரிக்காரன் தலையை நீட்டிக் கத்தினான். "உனக்கென்ன அவசரம், உன் லோடு என்ன அழுகவா போகுது?" என்று கேட்காரர் பதிலுக்குக் கத்தினார். பட்டைக்காரர் பின்பக்க விளிம்பில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். பட்டை விறைப்பாகத் திருப்பித் தள்ளியது. இன்னும் கொஞ்சம் பாரம் வேண்டும். அவருக்கு அது தெரிந்தது, ரிவர்ஸுக்கும் தெரிந்தது, அமுக்கின கையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எவ்வளவு வேண்டும் என்பதும் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே வாயால் சொன்னது. பட்டைக்காரர் ஸ்பானரைத் துணியால் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கம்பத்தின் வளைவில் வெயில் பளபளத்தது. தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் எவ்வளவு நரைத்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும், சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவள்தானே. ஆனால் முகத்தைப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது. கழுத்து டேப்பைக் கையில் சுருட்டினாள், பிரித்தாள்.

"இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க" என்றாள்.

அங்கே தையல் மிஷின் இல்லை. அவனிடம்தான் சொன்னாள். ரிவர்ஸ் அசையாமல் நின்றான். "காது கேக்கலையா? போடுங்கன்னேன்ல. புள்ள வெயில்ல உக்காந்திருக்கு" என்றாள். பட்டறை ஓரத்தில், சிந்துகிற எண்ணெய்க்கு மேலே போடுவதற்காக மணல் குவித்து வைத்திருந்தது. அவன் மண்வெட்டியை எடுத்தான். முதல் அள்ளு வெளியே சிந்தியது. அவள் போய்ப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அன்றைக்கு அவன் ஒற்றை ஆளாகக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அள்ளியது அவளுக்கு நினைவு வந்தது. பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் பாதி நேரம்தான் ஆகியிருக்கும். அவள் கையில் அன்று பிள்ளையின் தலை இருந்தது. மணல் பைக்குள் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை, லாரிக்காரன்கூட ஹாரனை நிறுத்திவிட்டான். நிரம்பியதும் கோணி ஊசியால் வாயைத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டாவதையும் அப்படியே. அவன் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இடது ஓரத்தில், சத்தம் வராமல், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி வைத்தான். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினான்.

இரண்டாவது மூட்டை உட்கார்ந்ததும் புதுப் பட்டை மெல்ல அமுங்கியது. பிறகு, யாரும் தொடாமலேயே, இன்னும் இரண்டு விரல்கடை அமுங்கியது. கம்பம் இந்தத் தடவை விசுக்கென்று எழும்பவில்லை. வளர்ந்த பெண் இறங்கிப் போகிற நிதானத்தோடு எழும்பியது. கேட்காரர் எதற்கும் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டைக்காரர் நடுரோட்டில் மல்லாந்து படுத்து, ஸ்பானரைப் போட்டு, முனை போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசி இறுக்கு இறுக்கினார். "ஏறியாச்சு, எல்லாரும் ஏறியாச்சு" என்று வண்டிக்கு அடியிலிருந்து சொன்னார். வெளியே வந்தபோது முகமெல்லாம் எண்ணெயும் துருவுமாக இருந்ததால் அழுதாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ரிவர்ஸ் ஏறி உட்கார்ந்தான். தையல்காரி முன்பக்கம் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் பிடித்ததும் பின்னால் நின்ற கூட்டத்துக்குப் பயந்து அவன் வேகமாக எடுக்கப் போனான்.

"மெதுவாவே போங்க" என்றாள் அவள். "இனிமே என்ன அவசரம்."

அதிகாரி கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, மூட்டையில் என்ன என்று கேட்டார். மணல் என்றார்கள். ஆள் இறங்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார்கள். முத்திரை போட்டுக் கொடுத்தார். எடைமேடைக்காரர் இப்போது மணலைக் கழித்து, அதற்கு மேல் நாற்பத்தொன்பதைக் கழிக்கிறார். வண்டி இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கிறது, தெரியாதவர்கள் பார்த்தால் மணலைத் தவிர ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பேச்சு அதிகமாகிவிடவில்லை, ஆனால் மிஷின் இப்போது தைப்பதற்கு மட்டும்தான் பயன்படுகிறது. அவன் இன்னும் ரிவர்ஸ் எடுப்பதில்லை. கேட்டில் ஒரு மாற்றம் உண்டு. அந்த வண்டி வருகிற நேரத்தில் கேட்காரர் எவ்வளவு சுற்றினாலும் கம்பம் இறங்குவதில்லை. சரக்கு ரயில்தான் தூரத்தில் நின்று கூவிவிட்டுக் காத்திருக்கிறது. வண்டி ஆடாமல் அசையாமல் தண்டவாளத்தைக் கடந்து போன பிறகு கம்பம் இறங்கும், நிலக்கரி போகும். ரயில்வேக்காரர்கள் ஆரம்பத்தில் கேள்வி கேட்டார்கள். பிறகு சரக்கு ரயிலின் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.